70 சதவீதம் சரி, எந்தத் தேதியிலிருந்து? விஏ மனநல இழப்பீட்டில் முந்தைய தேதி கேட்பது பற்றி

அமெரிக்கப் படைகளில் பணியாற்றி வெளியே வந்த ஒருவர், அந்தப் பணியால் வந்த மனநலப் பாதிப்புக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கிறார். மாதக்கணக்கில் காத்திருந்தபின் படைவீரர் நலத்துறையிடமிருந்து, அதாவது எல்லோரும் விஏ என்று சொல்லும் துறையிடமிருந்து, கடிதம் வருகிறது. பிடிஎஸ்டிக்கு, அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்க்கு, பாதிப்பின் அளவு 70 சதவீதம். வீட்டில் எல்லோருக்கும் அந்த 70 மட்டும்தான் கண்ணில் படும். அதே வரியில் ஒரு தேதியும் இருக்கும். இந்த 70 சதவீதம் எந்த நாளிலிருந்து கணக்கு என்று சொல்லும் தேதி. எஃபெக்டிவ் டேட் என்பார்கள். இங்கே அமல் தேதி என்று வைத்துக்கொள்வோம்.

இந்தத் தேதிக்கு என்ன விலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025-ஆம் ஆண்டு விகிதப்படி, தன்னை நம்பி மனைவி மக்கள் யாரும் இல்லாத ஒருவருக்கு 70 சதவீதம் என்றால் மாதம் 1,759 டாலர். 100 சதவீதம் என்றால் 3,831 டாலர். வருமான வரி கிடையாது. 70 சதவீதக்காரருக்கு அமல் தேதி 2025 ஜனவரி என்பதற்குப் பதில் 2023 ஜனவரி என்று இருந்திருந்தால், அந்தந்த ஆண்டின் விகிதத்தில் கணக்கிட்டாலும் 40,000 டாலருக்கு மேல் அரியர்ஸாக வந்திருக்கும். பத்து வருடம் பின்னால் போனால் தொகை எங்கேயோ போய்விடும். சதவீதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பவர்கள்கூடத் தேதிக்காக அப்பீல் போவது இதனால்தான்.

அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுக்கும் வாதம், "எனக்கு இந்தப் பாதிப்பு 1991-லிருந்தே இருக்கிறது" என்பது. அது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அமல் தேதியைத் தீர்மானிக்கும் கேள்வி, பாதிப்பு எப்போது தொடங்கியது என்பது மட்டும் இல்லை. கேட்டு எழுதிய காகிதம் விஏவின் கைக்கு எப்போது வந்தது என்பதும் சேர்ந்ததுதான் கேள்வி. அதிலும் காகிதத்தின் பக்கம்தான் தராசு பெரும்பாலும் சாயும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டு தேதிகளில் பிந்தையது

சட்டத்தின் அடிப்படை விதி ஒரே வாக்கியம். விஏ உங்கள் விண்ணப்பத்தைப் பெற்ற தேதி ஒன்று; இழப்பீடு பெறும் தகுதி உங்களுக்கு உண்டான தேதி இன்னொன்று. இரண்டில் எது பிந்தையதோ அதுதான் அமல் தேதி. 1991-லிருந்து தூங்காதவர் 2021-இல் விண்ணப்பித்தால் அவருக்கு 2021. 2021-இல் விண்ணப்பித்தவருக்கு 2022-இல்தான் பாதிப்பு உண்டானது என்று தெரிந்தால் 2022.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. படையிலிருந்து விடுபட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பித்துவிட்டால், விடுபட்டதற்கு மறுநாளே அமல் தேதியாகிவிடும். இரண்டாவது, ஏற்கெனவே ஒரு சதவீதம் வாங்கிக்கொண்டிருப்பவர் நிலைமை மோசமாகிவிட்டது, கூட்டிக் கொடுங்கள் என்று கேட்கும்போது வருவது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள்தான் மோசமானது என்று ஆவணத்தால் காட்ட முடிந்தால், மோசமான அந்த நாள் வரை பின்னால் போகலாம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பத்து மாதத்துக்கு முன் மோசமானவருக்குப் பத்து மாத அரியர்ஸ் கிடைக்கும். பதினான்கு மாதத்துக்கு முன் மோசமானவருக்கு ஒன்றும் கிடையாது, விண்ணப்பித்த நாளிலிருந்துதான். அதிக நாள் கஷ்டப்பட்டவருக்குக் குறைந்த பணம். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீதிமன்றமும் அப்படித்தான் படித்திருக்கிறது.

மூன்றாவதாக இருப்பது விலக்கு இல்லை, ஒரு வசதி. விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரிவித்து வைப்பது. 21-0966 என்ற படிவம். ஒரே ஒரு போன் காலிலும் செய்யலாம். விஏ இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கினாலே பதிவாகிவிடும். அதன்பின் ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தை அனுப்பினால், தெரிவித்த நாளையே விண்ணப்பம் வந்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். கடிதம் வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இப்படித் தெரிவித்து வைத்ததை விஏ கவனிக்காமல் விட்டு, முழு விண்ணப்பம் வந்த நாளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், அது சுலபமாகத் திருத்தக்கூடிய பிழை.

விஏ மருத்துவமனையில் சிகிச்சை எடுத்ததை விண்ணப்பமாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்பது அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி. "2012-லிருந்து அவர்களுடைய மனநல மருத்துவரைத்தானே பார்க்கிறேன், அவர்களுக்குத் தெரியாதா?" நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவம் பார்ப்பது ஒரு பிரிவு, இழப்பீடு கொடுப்பது வேறொரு பிரிவு. ஒன்றுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்கு விண்ணப்பம் ஆகாது. இதற்கும் ஒரு பழைய விதிவிலக்கு இருந்தது. 2015 மார்ச் 24-க்கு முன்னால், குறிப்பிட்ட படிவம் என்று இல்லாமல், இழப்பீடு கேட்கும் எண்ணம் தெரியும்படி எழுதிய சாதாரணக் கடிதத்தையே விண்ணப்பமாகக் கொள்ள முடிந்தது. ஏற்கெனவே பணியால் வந்தது என்று ஏற்கப்பட்ட பாதிப்புக்கு விஏ மருத்துவமனையில் எழுதப்பட்ட குறிப்பு, சதவீதத்தைக் கூட்டக் கேட்கும் விண்ணப்பமாகவே கருதப்படவும் வாய்ப்பிருந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய காகிதங்கள் உங்கள் ஃபைலில் இருந்தால் அவற்றை இன்றைய விதியை வைத்து ஒதுக்கிவிட வேண்டாம்.

முப்பது ஆண்டு தாமதம்

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். அடால்ஃபோ அரெல்லானோ 1977 முதல் 1981 வரை அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். அவர் பணியாற்றிய விமானந்தாங்கிக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதியது. அதில் உண்டான மன அதிர்ச்சிதான் தன் மனநோய்க்குக் காரணம் என்று சொல்லி, பணியிலிருந்து விடுபட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து விண்ணப்பித்தார். விஏ ஒப்புக்கொண்டது. 100 சதவீதம் கொடுத்தது. அமல் தேதி, விண்ணப்பம் வந்து சேர்ந்த 2011 ஜூன் 3.

விண்ணப்பிக்க முடியாமல் என்னைத் தடுத்ததே அந்த நோய்தானே, விடுபட்ட முதல் ஓராண்டு என்ற கெடுவை எனக்காக நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்பது அரெல்லானோவின் வாதம். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆறுக்கு ஆறு என்று பிரிந்தார்கள். கடைசியில் 2023 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பாரெட். அமல் தேதிக்கு என்னென்ன விலக்கு என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே விரிவாக எழுதி வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை நாங்கள் சேர்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். உடல்நிலை காரணமாக விண்ணப்பிக்க முடியாமல் போனவருக்கு அதே சட்டப் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது வேறொரு திட்டமான பென்ஷனுக்கு. இழப்பீட்டுக்கு இல்லை.

சட்டத்தைப் படித்த விதத்தில் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கஷ்டம். ஆனால் விளைவு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. முழங்கால் போனவர் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முடியும். யாரைப் பார்த்தாலும் பயம், கடிதத்தைப் பிரிக்கவே கை வராது என்று இருப்பவரால் முடியாது. இரண்டு பேருக்கும் கெடு ஒன்றே. காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தினால் ஒழிய இது மாறாது. அதுவரை "நோயால்தான் விண்ணப்பிக்க முடியவில்லை" என்பதை உங்கள் அப்பீலின் அச்சாணியாக வைக்காதீர்கள். அந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற வாதம்.

கடிதம் வந்து ஓராண்டுக்குள் என்றால்

இப்போது நல்ல செய்தி. விஏவின் முடிவுக் கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து ஓராண்டு உங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் ஆட்சேபித்தால், பழைய விண்ணப்பத்தின் தேதி உயிரோடு இருக்கும். அமல் தேதி மட்டும் தவறு, மற்றதெல்லாம் சரி என்று அந்த ஒன்றை மட்டும் ஆட்சேபிக்கவும் செய்யலாம்.

2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, புதிய, பொருத்தமான ஆதாரத்தோடு போடும் துணை விண்ணப்பம், படிவம் 20-0995. இரண்டாவது, அதே ஃபைலை அனுபவம் கூடிய வேறொரு அதிகாரி மறுபடி பார்ப்பது, படிவம் 20-0996. இதில் புதிய ஆதாரம் எதையும் சேர்க்க முடியாது. ஆனால் அந்த அதிகாரியோடு ஒருமுறை தொலைபேசியில் பேசி, எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை என்று சுட்டிக்காட்டலாம். மூன்றாவது, வாஷிங்டனில் இருக்கும் அப்பீல் வாரியத்துக்குப் போவது, படிவம் 10182. அங்கே இருப்பதை வைத்தே தீர்ப்புச் சொல்லுங்கள் எனலாம், தொண்ணூறு நாளுக்குள் ஆதாரம் தருகிறேன் எனலாம், அல்லது நீதிபதி முன் பேச வேண்டும் எனலாம்.

தேதிப் பிரச்சினைக்கு எந்த வழி பொருந்தும்? ஆதாரம் ஏற்கெனவே ஃபைலில் இருக்கிறது, அதிகாரி பார்க்கத் தவறிவிட்டார் என்றால் இரண்டாவது வழி. முன்கூட்டித் தெரிவித்த பதிவைக் கவனிக்காமல் விட்டது இந்த ரகம்தான். ஃபைலில் இல்லாத ஒரு பழைய மருத்துவக் குறிப்போ, மருத்துவரின் கருத்தோ சேர வேண்டும் என்றால் முதல் வழி. சட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதிலேயே சண்டை என்றால் வாரியம். காத்திருப்பும் அங்கேதான் அதிகம். ஒரு வழியில் தோற்றால் அடுத்த ஓராண்டுக்குள் வேறொரு வழிக்கு மாறிக்கொள்ளலாம். சங்கிலி அறுந்துபோகாமல் இருக்கும் வரை முதல் விண்ணப்பத்தின் தேதி நிற்கும். வாரியத்தில் தோற்றுப் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதானால் மட்டும் கெடு 120 நாள்.

அப்பீல் போனால் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பலர் பயப்படுவார்கள். கடிதத்தில் உங்களுக்குச் சாதகமாகப் பதிவான விஷயங்கள், உதாரணமாக நோய் பணியால்தான் வந்தது என்பது, பின்னால் பார்க்கும் அதிகாரியைக் கட்டுப்படுத்தும். அப்பட்டமான தவறு என்று நிரூபிக்காமல் அவர் அதை மாற்ற முடியாது.

ஒரு தேதி இல்லை, பல தேதிகள்

மனநல வழக்குகளில் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாதிப்பை ஏற்றுக்கொண்ட தேதி வேறு, இப்போதைய சதவீதம் தொடங்கும் தேதி வேறு. கடிதத்தில் இப்படியும் இருக்கலாம்: 2019 மே முதல் 30 சதவீதம், 2022 ஆகஸ்டு முதல் 70 சதவீதம். நோய் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் காலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சதவீதம் கொடுப்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. இங்கே உங்கள் சண்டை 2019-ஐ இன்னும் பழைய தேதிக்கு மாற்றுவதற்கு இல்லை. 2019-லேயே 70 கொடுத்திருக்க வேண்டும் என்பதற்கு.

இந்த வகைச் சண்டைதான் ஜெயிப்பதற்கு அதிக வாய்ப்புள்ளது என்று நினைக்கிறேன். காரணம், 2022 ஆகஸ்டு என்ற தேதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் விஏ அனுப்பிய மருத்துவர் உங்களைப் பரிசோதித்த நாளாக இருக்கும். பரிசோதித்த அன்று காலையில் எழுந்தபோதுதான் ஒருவர் மோசமானாரா என்ன? மருத்துவர் எழுதிய தேதி வேறு, பாதிப்பு உண்மையில் இருந்த தேதி வேறு என்பதை நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, ஆதாரம் எப்போது கைக்கு வந்தது என்பது முக்கியமில்லை. அந்த ஆதாரம் எந்தக் காலத்து நிலைமையைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான் முக்கியம்.

மனநலத்துக்கான சதவீதங்கள் 0, 10, 30, 50, 70, 100 என்று போகும். 20, 40 எல்லாம் கிடையாது. எல்லா மனநோய்க்கும் ஏறக்குறைய ஒரே அளவுகோல்தான்: வேலையிலும் உறவுகளிலும் எவ்வளவு பாதிப்பு. 30 என்றால் பொதுவாகச் சமாளிக்கிறார், அவ்வப்போது வேலைத்திறன் குறைகிறது. 50 என்றால் நம்பகத்தன்மையும் உற்பத்தித் திறனும் குறைந்துவிட்டன. 70 என்றால் வேலை, குடும்பம், முடிவெடுக்கும் திறன், மனநிலை என்று பெரும்பாலான பக்கங்களில் குறை. 100 என்றால் முழு முடக்கம். ஒவ்வொன்றுக்கும் கீழே விதி சில அறிகுறிகளை அடுக்குகிறது. அவை உதாரணங்கள்தான். தற்கொலை எண்ணம் என்ற ஒன்று 70-இன் கீழ் இருக்கிறது என்பதற்காக அந்தப் பட்டியல் முழுதும் பொருந்த வேண்டும் என்பதில்லை.

ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது, 2019-லேயே நிலைமை 70-க்கு உரியதாக இருந்தது என்பதை. அந்த ஆண்டில் வேலையை விட்டு அனுப்பிய கடிதம், மேலாளர் எழுதிய எச்சரிக்கை, விவாகரத்து வழக்கின் ஆவணம், அவசர சிகிச்சைப் பிரிவின் குறிப்பு, இப்படி. வீட்டில் இருப்பவர்கள் எழுதும் வாக்குமூலத்துக்கும் மதிப்பு உண்டு. மனைவி எழுதினால் "ரொம்பக் கஷ்டப்பட்டார்" என்று எழுதிப் பயனில்லை. 2019 தீபாவளியோ தேங்க்ஸ்கிவிங்கோ, எந்த நாளில் என்ன நடந்தது, அன்று அவர் எங்கே போய் உட்கார்ந்துகொண்டார், குழந்தைகளை யார் வெளியே கூட்டிப்போனார்கள் என்று எழுத வேண்டும். அதன்பின் ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ இந்தப் பழைய ஆவணங்களையெல்லாம் படித்துவிட்டு, 2019 முதலே பாதிப்பு இந்த அளவில் இருந்திருக்கிறது என்று காரணத்தோடு கருத்து எழுதிக் கொடுத்தால், அதுதான் வழக்கின் முதுகெலும்பு. அன்று இவரைப் பார்க்காத மருத்துவர் இன்று எப்படிச் சொல்லலாம் என்று தயங்க வேண்டாம். பின்னோக்கிப் பார்த்துச் சொல்லும் மருத்துவக் கருத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. சில சமயம் அப்படி ஒரு கருத்தைக் கேட்டு வாங்குவது விஏவின் கடமையாகவே ஆகும்.

நோயின் பெயர் மாறிப்போனதால் தேதியை இழந்தவர்களும் இருக்கிறார்கள். முதலில் மனச்சோர்வு என்று விண்ணப்பித்திருப்பார். அது நிலுவையில் இருக்கும்போதே பிடிஎஸ்டி என்று கண்டறிந்திருப்பார்கள். விஏ பிடிஎஸ்டிக்குப் புதிய தேதி போட்டிருக்கும். 2009-இல் கிளெமன்ஸ் என்பவரின் வழக்கில் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தனக்கு என்ன நோய் என்று பெயர் வைக்க வேண்டியது நோயாளியின் வேலை இல்லை. அவர் சொன்ன அறிகுறிகளுக்குப் பொருந்தும் எந்த மனநோயும் அந்த விண்ணப்பத்துக்குள் அடங்கும். உங்கள் ஃபைலில் இப்படி நடந்திருந்தால் முதல் விண்ணப்பத்தின் தேதியைக் கேளுங்கள்.

ஓராண்டு தாண்டிவிட்டால்

இங்கே கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். ஓராண்டுக்குள் ஆட்சேபிக்காத முடிவு இறுதியானது. அதன்பிறகு வெறுமனே "தேதியை மாற்றுங்கள்" என்று தனியாக ஒரு விண்ணப்பம் போட முடியாது என்று 2006-இல் ரட் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய ஆதாரத்தோடு துணை விண்ணப்பம் போடலாம், ஆனால் அதில் ஜெயித்தாலும் அந்தப் புதிய விண்ணப்பத்தின் தேதிதான் கிடைக்கும். பழைய தேதியைத் தொட இடுக்குகள் சில உண்டு.

ஒன்று, பழைய முடிவில் அப்பட்டமான, மறுக்க முடியாத பிழை இருக்கிறது என்று காட்டுவது. க்யூ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதற்குக் கெடுவே கிடையாது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய முடிவையும் எடுக்கலாம். ஆனால் நிரூபிப்பது மிகக் கடினம். அன்று ஃபைலில் இருந்த ஆதாரத்தையும் அன்று இருந்த சட்டத்தையும் மட்டும் வைத்துப் பேச வேண்டும். அந்தப் பிழை நடந்திராவிட்டால் முடிவு நிச்சயமாக மாறியிருக்கும் என்று காட்ட வேண்டும். ஆதாரத்தைச் சரியாக எடைபோடவில்லை என்றால் அது பிழை ஆகாது. எனக்கு ஆவணம் தேடிக்கொடுக்க விஏ உதவவில்லை என்றாலும் ஆகாது. கெவின் ஜார்ஜ் என்பவர் 1975-இல் கடற்படைக் காலாட்படையான மரீன் கோரில் சேர்ந்தவர். மனச்சிதைவு நோயோடு விடுவிக்கப்பட்டார். 1977-இல் அவர் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மறுக்கப் பயன்படுத்திய விஏ விதி சட்டத்துக்கு முரணானது என்று பிற்பாடு தெரியவந்தது. அப்படியென்றால் 1977 முடிவு பிழைதானே என்று கேட்டார். இல்லை, அன்று நடைமுறையில் இருந்த விதியைப் பின்பற்றியது அந்த வகைப் பிழை ஆகாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இன்னொரு எச்சரிக்கை: அப்பீல் வாரியத்தின் ஒரு முடிவை இப்படி எதிர்க்க ஒரு வாய்ப்புத்தான் உண்டு. கோபத்தில் இரண்டு பக்கம் எழுதிப் போட்டு அதை வீணாக்கிவிடக் கூடாது.

அடுத்தது, மறுத்தபோது விஏ பார்த்திராத ராணுவ ஆவணம் பிற்பாடு கிடைப்பது. விதி 3.156(சி). படைப்பிரிவின் நாட்குறிப்பு, கப்பலின் பதிவேடு, பணிக்காலக் கோப்பில் விட்டுப்போன பக்கம், இப்படி ஒன்று. அது அன்றே இருந்து, வழக்குக்குப் பொருத்தமானதாகவும் இருந்தால், பழைய விண்ணப்பத்தையே விஏ மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். தேதியும் அங்கே வரை போகலாம். நீங்கள் போதுமான விவரம் தராததால் விஏவால் அதைத் தேட முடியாமல் போயிருந்தால் இது செல்லாது. பிடிஎஸ்டி வழக்குகளில் இந்த விதிக்கு உயிர் அதிகம், ஏனென்றால் "நீ சொல்லும் சம்பவம் நடந்ததற்குப் பதிவு இல்லை" என்று மறுக்கப்பட்டவர்கள் நிறைய.

ஆனால் மறுத்த காரணம் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் கிசோர் வியட்நாம் போரில் இருந்த மரீன். 1982-இல் பிடிஎஸ்டிக்கு விண்ணப்பித்தார். மனநல மருத்துவர் பிடிஎஸ்டி இல்லை என்று சொன்னதால் மறுத்துவிட்டார்கள். 2006-இல் மறுபடி கேட்டபோது கொடுத்தார்கள், 2006 முதல். அவர் போரில் ஈடுபட்டதை உறுதிப்படுத்தும் ராணுவ ஆவணங்கள் இப்போதுதான் வந்திருக்கின்றன, ஆகவே 1982-இல் இருந்து கொடுங்கள் என்றார். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெயர் பெற்ற வழக்கு அது. அமெரிக்க நிர்வாகச் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் கிசோர் பெயரை அறிவார்கள், அரசுத் துறைகள் தங்கள் விதிகளுக்குத் தாங்களே சொல்லும் பொருளை நீதிமன்றங்கள் எவ்வளவு தூரம் ஏற்க வேண்டும் என்பதற்காக. அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை. வழக்கு கீழே திரும்பி வந்தபின் 2020-இல் மறுபடி தோற்றார். போரில் இருந்தாரா என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இல்லை, நோய் உண்டா என்பதில்தான் சந்தேகம். ஆகவே போர் ஆவணம் பொருத்தமானது இல்லை என்றார்கள். உங்கள் பழைய மறுப்புக் கடிதத்தில் காரணம் என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் இந்த விதி உதவுமா உதவாதா என்பது முடிவாகும்.

கடைசி இடுக்கு, பழைய விண்ணப்பம் ஒன்றுக்கு விஏ பதிலே சொல்லாமல் விட்டிருப்பது. அல்லது முடிவுக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பவே இல்லை, தவறான முகவரிக்கு அனுப்பினார்கள் என்பது. அப்படியானால் அந்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று வாதாடலாம். அரசு அலுவலகம் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கும் என்ற ஊகத்தை நீதிமன்றம் எளிதில் விடாது என்பதால், "கடிதம் வந்ததாக ஞாபகம் இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. அன்று வேறு முகவரியில் இருந்தேன், அதை விஏவுக்குத் தெரிவித்தும் இருந்தேன் என்று காட்ட வேண்டும்.

ஃபைலை வாங்குவது

இதில் எந்த வாதத்தை எடுப்பதாக இருந்தாலும் முதல் வேலை முழு ஃபைலையும் வாங்குவது. சி ஃபைல் என்பார்கள். 20-10206 என்ற படிவத்தில் கேட்கலாம். ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரலாம். ஒரு நோட்டில் தேதி வரிசைப்படி எழுதிக்கொண்டே போங்கள்: எந்தத் தேதியில் நீங்கள் எதை அனுப்பினீர்கள், எந்தத் தேதியில் விஏ என்ன பதில் சொன்னது, மறுத்தால் என்ன காரணம். விஏ முத்திரையில் இருக்கும் பெறப்பட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், நீங்கள் கையெழுத்திட்ட தேதியை நம்ப வேண்டாம். அப்புறம், அந்தப் பக்கங்களுக்குள் பழைய சம்பவங்களும் இருக்கும். படைவீரரே தனியாக உட்கார்ந்து படிப்பதைவிட வீட்டில் ஒருவர் உடன் இருந்து பிரித்துப் படிப்பது நல்லது. மனம் தாங்காத நேரத்தில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எந்நேரமும் கிடைக்கும்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் இலவசமாக வாதாடுவார்கள். ஓராண்டுக்குள் போடும் நேரடியான அப்பீலுக்கு அவர்களே போதும். க்யூ, 3.156(சி) என்று போனால் இதிலேயே ஊறிய வழக்கறிஞரைப் பார்ப்பது மேல். விஏ அங்கீகாரம் பெற்றவரா என்று விஏ இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். கட்டணம் பொதுவாக ஜெயித்தால் வரும் அரியர்ஸில் 20 சதவீதம். அந்த அளவுவரை நியாயமான கட்டணம் என்றே விதி எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்று எடுத்துக்கொள்கிறது. அங்கீகாரம் எதுவும் இல்லாமல், ஆலோசகர் என்ற பெயரில், இனி மாதாமாதம் வரப்போகும் தொகையிலும் பங்கு கேட்பவர்கள் இணையத்தில் நிறையப் பேர் திரிகிறார்கள். அவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஜெயித்தபின் ஒரு சின்னக் கணக்கு. பணம் அமல் தேதியிலிருந்தே கணக்காகாது, அதற்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான். மார்ச் 3 என்று தேதி கிடைத்தால் ஏப்ரல் 1 முதல். அரியர்ஸை இன்றைய விகிதத்தில் போடாமல் அந்தந்த ஆண்டின் விகிதத்தில்தான் போடுவார்கள். ஏற்கெனவே கொடுத்த தொகையும் கழிக்கப்படும். புதிய முடிவுக் கடிதம் வந்ததும் அதிலுள்ள தேதிகளை ஒருமுறை சரிபாருங்கள். அதையும் ஆட்சேபிக்க, அந்தக் கடிதத் தேதியிலிருந்து இன்னொரு ஓராண்டு தொடங்குகிறது.